ஐந்து சுருட்டும் ஒரு விக்கலும்

ரொட்டி கருகிக் கரியாகும்வரை நெரெய்தா அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து எவேலியோ தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தான்.

“வீட்டைக் கொளுத்தப் பாக்குறியா? வாசல் வரைக்கும் நாறுது. பக்கத்துலயே நிக்கிற, உன் மூக்கு எங்க போச்சு?”

“ஏதோ யோசனையில இருந்துட்டேன், கிழவா.”

“ஹவானாவுக்கே பெரிய மூக்குன்னு பேரு. ஒரு ரொட்டி கருகறது தெரியல!” என்று சிரித்தபடி அவன் மறுபடி குளிக்கப் போனான்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். மூக்கு எங்கே போனது என்று நெரெய்தாவுக்கும் தெரியாது. தெருவையே சுற்றிவந்த காய்ச்சல் அவளையும் நான்கு நாள் படுக்கவைத்துவிட்டு இருபத்தாறு நாளைக்கு முன்னால் போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். பச்சைப் பூண்டை மென்று பார்த்தாள். நாக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அக்கம்பக்கத்தில் சொல்லிப் புலம்பியிருப்பாள், ஆளுக்கொரு கைவைத்தியமாவது கிடைத்திருக்கும். நெரெய்தா எவேலியோவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சுருட்டு ருசிப்பவள். சுருட்டுத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் ருசிக்குழு என்று ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கீழே முந்நூறு பேர் சுற்றித் தள்ளும் சுருட்டில் எது நல்லது, எது குப்பை என்று புகைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவது அவர்கள் வேலை. பதினெட்டு வருஷம் சுருட்டு சுற்றிச் சுற்றி விரல் கணுவெல்லாம் வீங்கிய பிறகு, இந்த மூக்கு ஒன்றை வைத்துத்தான் அந்த நாற்காலியைப் பிடித்தாள். அது போனால் மறுபடி சுற்றப் போக முடியாது, கை மடங்காது. அப்புறம் தரைத்தள அறையில் தொடையில் பலகையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இலை நரம்பு கிழிக்க வேண்டியதுதான். பதினாறு வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்த இடம் அது.

‘சளி, பத்து நாளில் சரியாகிவிடும்’ என்று போன வருஷம் அதே குழுவில் இருந்த ஒஸ்வால்தோ உண்மையைச் சொன்னான். பதினோராம் நாள் அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். சளி சரியானது. நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. இதைப் பார்த்தவள் எப்படி வாயைத் திறப்பாள்?

அவள் காப்பி குடிக்காமல் கிளம்பினாள். ருசிக்கும் நாளில் காலையில் காப்பி கிடையாது, செண்ட் கிடையாது, வாசனைச் சோப்பும் கிடையாது. இருபத்தாறு நாளாக எதற்கு இந்த விரதம் என்று அவளுக்கே சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

ஏனென்றால் நேற்று சாயங்காலம் குழுத் தலைவர் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசினார். எலெவுத்தேரியோ என்று பெயர். எல்லோருக்கும் மாஸ்டர்.

“போன வியாழக்கிழமை ஒரு கட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இலை பதமாகாம அமோனியா நெடி அடிச்ச கட்டு. மிக்தாலியா அன்னைக்கு லீவு. மிச்சம் நாலு பேர். மூணு பேர் ‘தூக்கி எறி’ன்னு போட்டிருக்கீங்க. ஒருத்தர் மட்டும் ‘வாசனை நன்று’ன்னு போட்டிருக்கார். அமோனியா நன்றாம்! கக்கூஸுல உக்காந்து ருசி பார்த்தாரோ என்னமோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நெரெய்தாவும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

“நாளைக்கு இந்த வருஷத்து விசேஷச் சுருட்டு வருது. ஒரே ஒரு தடவைதான் சுத்தப்போறோம், அப்புறம் கிடையாது. மேல சுத்தற இலைய மட்டும் ரெண்டு வருஷம் பதப்படுத்தி வெச்சிருக்கோம். நாம சரின்னு சொன்னாத்தான் கீழ வேலை ஆரம்பிக்கும். அஞ்சு சுருட்டு வைப்பேன். நாலு நிஜம். ஒண்ணு என் கையால நானே சுத்தினது. எதுன்னு சொல்லமாட்டேன்.” மாஸ்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “மூக்கு இருக்கறவனுக்குப் பயமில்ல.”

இராத்திரி முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடிக்கு ஏறும்போது, கீழே சுற்றுகிறவர்களுக்காகச் செய்தித்தாள் வாசிப்பவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. எங்கோ வெள்ளம், எங்கோ பேஸ்பால் ஆட்டம். ருசிக்கும் அறையில் பலகை வைத்துத் தடுத்த ஐந்து சின்னத் தடுப்புகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மேஜையில் சர்க்கரை போடாத ஆறின டீ ஒரு கோப்பை, தேவதாரு மரச் சீவல், மதிப்பெண் தாள். தாளில் பெயர் எழுதக் கூடாது. வட்டம் மட்டும் போட வேண்டும், ஒன்றிலிருந்து ஐந்து வரை. தட்டில் ஐந்து சுருட்டு, கம்பெனிப் பட்டை ஒட்டாமல், நம்பர் மட்டும். கறுத்துப் பளபளவென்று இருந்தன.

அடுத்த தடுப்பில் மிக்தாலியா வந்து உட்காரும் சத்தம் கேட்டது. நெரெய்தாவுக்குப் பாதி உயிர் திரும்ப வந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த இருபத்தாறு நாளாக நெரெய்தா பிழைத்தது மிக்தாலியாவால்தான். மிக்தாலியாவுக்கு ஒரு பழக்கம். ருசி பிடித்தால் நாக்கைச் சப்புக்கொட்டுவாள். பிடிக்காவிட்டால் நாற்காலியைக் கிர்ரென்று பின்னுக்குத் தள்ளுவாள். வாசனைக்கும் ருசிக்கும் நெரெய்தா அதைக் கேட்டுத்தான் வட்டம் போட்டாள். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே தானும் ரசிப்பதுபோல “ம்ம்” என்று ஒரு முனகல் விடுவாள். இழுப்பு எப்படி, சரிசமமாக எரிகிறதா, சாம்பல் நிற்கிறதா என்பதற்கு உதடும் கண்ணும் போதும். காரத்துக்கு மூக்கே வேண்டாம், உடம்பே சொல்லும். செடியின் உச்சி இலை கலந்த காரமான சுருட்டு என்றால் உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், ரொம்பக் காரம் என்றால் அவளுக்கு விக்கல் வந்துவிடும். நெரெய்தாவின் விக்கல் அந்த மாடியிலேயே பிரசித்தம். “அவ விக்கினா அஞ்சு, பேச்சே இல்ல” என்று குழுவில் இன்னொருவனான ரொசெந்தோ கேலி செய்வான். மற்ற எதில் பொய் சொன்னாலும் காரத்தில் மட்டும் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

“முதல் நம்பர்,” என்றார் மாஸ்டர்.

அவள் சுருட்டின் நுனியை வெட்டி, சீவலைக் கொளுத்திப் பற்றவைத்தாள். வாயில் வெறும் சூடு. வெந்நீர் ஆவியை இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. “ம்ம்” என்றாள். பக்கத்தில் ‘ட்ச்’ என்று நாக்குச் சத்தம் வந்தது. வாசனை நாலு, ருசி நாலு. காரத்துக்கு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓட்டமாக ஓடியது. நாலா, ஐந்தா? நாலு போட்டாள். ஓர் அங்குலம் புகைத்ததும் அணைத்துவிட்டு டீயால் வாயைக் கொப்பளித்தாள்.

இரண்டாவதிலும் நாடி ஓடியது. மூன்றாவதிலும் அதே ஓட்டம். உள்ளங்கை நனைந்து பென்சில் வழுக்கியது. எல்லாம் ஒரே மாதிரிச் சுருட்டுதானே, ஒரே மாதிரி அடிப்பது நியாயம்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அப்படியென்றால் மாஸ்டர் சுற்றியது இன்னும் வரவில்லை. மிச்சம் இருப்பது நாலும் ஐந்தும்.

“நாலாம் நம்பர்.”

பற்றவைத்தாள். இதுதான் என்று மனசு சொன்னது. முதல் இழுப்பு, சூடு. இரண்டாவது இழுப்பு, சூடு. பக்கத்துத் தடுப்பில் சத்தமே இல்லை. நாக்கும் இல்லை, நாற்காலியும் இல்லை. நெரெய்தா பலகையோடு பலகையாகக் காதை வைத்தாள். மிக்தாலியா மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை.

‘ஏன்டி சும்மா இருக்க? ஏதாவது சொல்லித் தொலையேன்!’ என்று உள்ளுக்குள் கத்தினாள்.

மாஸ்டர் தடுப்புகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். செருப்புச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நெரெய்தாவின் கழுத்து நரம்பு துடித்தது. முதுகில் வேர்வை வழிந்தது, வயிறு புரட்டியது. கடைசியில் தொண்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தது, அறையே கேட்கும்படி ஒரு விக்கல்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. உடம்பு கைவிடவில்லை. மாஸ்டர் உச்சி இலையாகப் பார்த்து அடைத்துக் காரத்தை ஏற்றிவைத்திருக்கிறார், இதுதான் அவர் வைத்த பொறி என்று முடிவுகட்டினாள். காரம் என்ற கட்டத்தில் ஐந்தைச் சுற்றி அழுத்தி வட்டம் போட்டாள். வாசனைக்கும் ருசிக்கும் நடுவாக மூன்று.

“அஞ்சாம் நம்பர் அப்புறம்,” என்றார் மாஸ்டர். “நாலு வரைக்கும் தாளைப் பெட்டியில போடுங்க.”

அவர் ஜன்னலோரம் நின்று தாள்களைப் பிரித்தார். முதல் மூன்று சுருட்டின் மதிப்பெண்களை வாசித்தபோது பெரிய குறை ஒன்றும் இல்லை. நாலாவதற்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நாலாம் நம்பர். காரம். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு.” கொஞ்சம் நிறுத்தினார். “அஞ்சு.”

நெரெய்தாவுக்குக் காது அடைத்துப்போனது.

“இதுல உச்சி இலை ஒரு துணுக்குகூடக் கிடையாது. எல்லாம் செடியோட அடியிலை. எரியறதுக்கு மட்டும் போடற இலை. வெறும் புல்லு! கைக்குழந்தைகிட்ட குடுத்தாக்கூட தும்மாது. இதுல அஞ்சு காரமாம்.”

இப்போதுதான் நெரெய்தாவுக்குப் புரிந்தது. வேர்த்தது, படபடத்தது, புரட்டியது, விக்கியது, எதுவுமே புகையிலை இல்லை. எல்லாம் பயம். காரமான சுருட்டு உடம்பை என்ன செய்யுமோ, அதையே பயமும் அட்சரம் பிசகாமல் செய்யும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக நம்பியிருந்த அந்த ஒன்றையும் பயம் வந்து தின்றுவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இது யாருன்னு நான் கேட்கப்போறதில்ல,” என்றார் மாஸ்டர். பிறகு கடைசித் தாளைப் பிரித்தார். நெற்றி சுருங்கியது. “என்ன கூத்து இது? இன்னொரு அஞ்சு.”

கீழே வாசிப்பவர் பேஸ்பால் ஓட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தருக்குத்தான் பொறி வெச்சேன். ரெண்டு பேர் விழுந்திருக்கீங்க.” மாஸ்டரின் குரலில் கோபம் குறைந்து வேறொன்று ஏறியிருந்தது. அவருக்கும் இப்போது பயம். “அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்குப் புல்லும் புகையிலையும் ஒண்ணா? அப்ப இந்த ஒரு மாசமா நாம சரின்னு அனுப்பினதெல்லாம் என்ன? நாளைக்கு ஆளுக்கொரு அறையில தனித்தனியா உக்காத்தி வெச்சுப் பார்க்கறேன்.”

நாளைக்கு என்றால் இன்னோர் இராத்திரி. நெரெய்தாவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு இன்னோர் இராத்திரி படுத்துக்கிடப்பதைவிட, தொடையில் பலகை வைத்து நரம்பு கிழிப்பதே மேல் என்று பட்டது. எழுந்து தடுப்புக்கு வெளியே வந்தாள்.

“நான்தான் மாஸ்டர். ஒரு அஞ்சு என்னோடது. அந்த அமோனியாவும் நான்தான். எனக்கு மூக்கு போய் இருபத்தாறு நாளாச்சு.”

ரொசெந்தோ வாயைப் பிளந்தான். “நீயா? சும்மா விளையாடாத!”

“காரம் மட்டும் தெரியும்னு நெனச்சிருந்தேன். நெஞ்சு அடிச்சுது, விக்கல் வந்துச்சு. அது பயம்னு தெரியல, மாஸ்டர்.”

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் பக்கத்துத் தடுப்பில் நாற்காலி கிர்ரென்று பின்னால் நகர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நெரெய்தாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் கிடையாது. மிக்தாலியா வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“இன்னொரு அஞ்சு நான்,” என்றாள். “அதே காய்ச்சல்தான்.”

“உனக்குமா?” நெரெய்தாவால் நம்பவே முடியவில்லை. “அப்ப நீ சப்புக்கொட்டினதெல்லாம்?”

“நீ ‘ம்ம்’னு சொல்லுவியே, அதைக் கேட்டுட்டுத்தான்.”

“அடிப்பாவி! நீ சப்புக்கொட்டறதைக் கேட்டுத்தானடி நான் மார்க்கே போட்டேன்!”

“எனக்கு அந்த நாலாவதுல ஒண்ணுமே ஆகல, நெரெய்தா. கை வேர்க்கல, தலை சுத்தல. புல்லுன்னு உடம்பு சொல்லிச்சு. ஒண்ணு போடத்தான் பென்சிலை எடுத்தேன். அப்பத்தான் நீ விக்கின. நீ விக்கினதுக்கு அப்புறம் நான் யாரு ஒண்ணு போட?”

ரொசெந்தோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான். மாஸ்டர் ஜன்னலோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“இருபத்தாறு நாள் கட்டையும் திரும்ப எடுத்துப் பார்க்கணும்,” என்றார் கடைசியில். “நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் கீழ நரம்பு கிழிக்கிற அறைக்குப் போங்க. மூக்கு வந்தா வந்து சொல்லுங்க. நாற்காலி அப்ப இருக்குமா இருக்காதான்னு என்னைக் கேட்காதீங்க. எனக்குத் தெரியாது.” பிறகு நெரெய்தாவின் தட்டில் மிச்சமிருந்த ஐந்தாம் நம்பரைப் பார்த்தார். “அதை எடுத்துட்டுப் போங்க. இனிமே உங்க தாள் எனக்கு வேண்டாம். வெட்டின சுருட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

அது வெட்டாத சுருட்டு. மாஸ்டருக்கும் அது தெரியும்.

இருவரும் பின்வாசல் படியில், பெட்டி மூடிகள் காயவைத்திருந்த முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரே சுருட்டை மாற்றி மாற்றி இழுத்தார்கள். வாசனை இல்லை, ருசி இல்லை. நாற்காலியும் போயிற்று. பயப்பட இனி எதுவுமே மிச்சமில்லை. முதல் அரை அங்குலத்துக்கு நெரெய்தாவின் உடம்பு சும்மா கிடந்தது. அப்புறம் மெதுவாக உள்ளங்கையில் ஒரு கதகதப்பு ஏறியது. கொஞ்சம் கழித்து நெற்றியில் வேர்வை அரும்பியது. எங்கே, எவ்வளவு, எப்போது என்று ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

“சொல்லு,” என்றாள் மிக்தாலியா.

“நீ முதல்ல சொல்லு. இனிமே நான் முதல்ல சொல்றதா இல்ல.”

“நாலு.”

“எனக்கும் நாலுதான். அஞ்சு இல்ல. நல்ல சுருட்டு.”

“நல்ல சுருட்டுதான், பாவம்,” என்று மிக்தாலியா ஆமோதித்தாள். எதற்குப் பாவம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. நுனி விரலைச் சுடும்வரை புகைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

சாயங்காலம் எவேலியோ கறுப்பு மொச்சை வேகவைத்துக்கொண்டிருந்தான். சட்டி தளதளவென்று கொதித்தது. அவள் உள்ளே நுழைந்ததுமே, ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றி வாயருகே கொண்டுவந்தான். தினமும் செய்வதுதான். தினமும் அவள் வாங்கிக்கொண்டு ‘சரியா இருக்கு’ என்பாள். இருபத்தாறு நாளாக அவள் சொன்னதை நம்பி அவன் என்னென்னவோ சாப்பிட்டிருக்கிறான்.

“உப்பு பாரு, மூக்குக்காரி.”

அவள் வாங்கிக்கொண்டாள். மொச்சை மெத்தென்று இருந்தது, சூடாக இருந்தது. விழுங்கினாள்.

“தெரியல, எவேலியோ,” என்றாள். “நீயே பாரு.”

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், காலையில் கருகிய ரொட்டி கிடந்த குப்பைக்கூடையைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். அடுப்பைத் தணித்துவிட்டு, அவள் உட்காருவதற்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.